குளிர் ஊரில் கொதிக்கும் செயலி: அறிகுறியைக் கொண்டு பழுதறியும் முறை

மூன்று ஆண்டுகளுக்கு முன், தை மாதத்துக் குளிரில், குன்னூர் வீட்டின் சமையலறை மேசையில் அக்கா மகளுக்காக ஒரு கணினியைப் பூட்டினேன். இன்டெல் கோர் ஐ5-12400 செயலி (ப்ராசசர்), அதன் பெட்டியிலேயே வந்த கூலர் (செயலியின் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளும் விசிறியும்), நடுத்தர விலையில் ஒரு மதர்போர்டு. முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓட்டியபோது செயலியின் வெப்பநிலை 79 டிகிரி செல்சியசில் நின்றது. 100 டிகிரி வரை தாங்கும் செயலிக்கு இது போதும் என்று எண்ணி, பொதிந்து திருச்சிக்கு அனுப்பிவிட்டேன். சித்திரை பிறந்ததும் அவள் தொலைபேசியில் அழைத்து, "மாமா, மத்தியானம் ஆனா கம்ப்யூட்டர் அப்படியே படுத்துக்குது" என்றாள். அங்கே காட்டிய அளவு 98, 99, 100. கூலரின் நான்கு கால்களுள் ஒன்று மதர்போர்டின் துளைக்குள் முழுதாக இறங்கவில்லை என்பதும், அந்தப் பழுது குன்னூரிலேயே இருந்தது என்பதும், சமையலறையின் 13 டிகிரிக் குளிர் அதை மூடி வைத்திருந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தன.

ஆகவே மலையில் இருப்பவர்கள் செயலியின் வெப்பநிலையை மட்டும் பார்த்து நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. மூன்று எண்கள் சேர்ந்து வேண்டும்: அறையின் வெப்பநிலை, செயலியின் வெப்பநிலை, அந்த நேரத்தில் செயலி உண்ணும் மின்திறன். செயலி அளவிலிருந்து அறை அளவைக் கழித்து, கிடைத்ததை வாட்டால் வகுத்தால் ஒரு சிறு தசம எண் வரும். ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதே அதன் பொருள். என் கணினியில் அன்று 79இலிருந்து 13 போக 66. செயலி உண்டது 65 வாட். விகிதம் ஒன்றைத் தாண்டியிருந்தது. கூலரைச் சரியாகப் பூட்டிய பின் அதே விகிதம் 0.68க்கு இறங்கியது. இந்த வகுத்தலை அன்றே செய்திருந்தால் திருச்சிக்கு ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும்.

மேற்கொண்டு போகுமுன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுகிறேன். நம் ஊரில் மேசைக்கடியில் நிற்கும் பெட்டி முழுவதையும் 'சிபியு' என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. இங்கே செயலி என்றால் உள்ளே இருக்கும் சில்லு மட்டுமே; பெட்டியைக் கேபினெட் என்றே எழுதுகிறேன்.

மூன்று எண்களையும் எடுப்பது எப்படி

அறை வெப்பநிலைக்கு ஒரு சிறிய டிஜிட்டல் வெப்பமானி போதும். ஆனால் அதைச் சுவரில் மாட்டிவிட்டுப் படிக்கக்கூடாது. கேபினெட் காற்றை உள்ளிழுக்கும் முகப்பின் அருகே, தரையிலிருந்து அதே உயரத்தில் வைக்க வேண்டும். ஓட்டுக் கூரையோ தகரக் கூரையோ உள்ள வீடுகளில் தரைக்கும் கூரைக்கும் இடையே வேறுபாடு எளிதாக ஐந்தாறு டிகிரி வந்துவிடும். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது உடல் வெப்பத்தின் குறுகிய எல்லைக்குள் மட்டும் அளக்கச் செய்யப்பட்டது, பளபளப்பான உலோகத்தின் மேல் அது சொல்வதை நம்பவே முடியாது.

செயலியின் வெப்பநிலையும் வாட்டும் விண்டோஸில் எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற மென்பொருளில் அருகருகே கிடைக்கும். லினக்ஸில் 'சென்சார்ஸ்' கட்டளை வெப்பநிலையைத் தரும். இன்டெல் செயலியில் 'பேக்கேஜ்' என்ற வரியையும், ஏஎம்டி செயலியில் 'டிசிடிஎல்' என்ற வரியையும் பார்க்க வேண்டும். சுமைக்குச் சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் பத்து நிமிடம் ஓடினால் போதும். பிரைம்95இன் மிகக் கடுமையான சோதனை அன்றாடப் பயன்பாட்டில் நேராத வெப்பத்தை எழுப்பும். அதில் வந்த எண்ணைப் பார்த்துக் கலங்கிப் புதிய கூலர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

காற்றின் அடர்த்தியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஊட்டி சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளன. ஊட்டியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை கடலோரத்துக் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீர் 93 டிகிரியை எட்டுமுன்பே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாது என்று வீட்டில் சொல்வதற்கும், விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் குறைவான வெப்பத்தையே அள்ளிச் செல்வதற்கும் காரணம் ஒன்றே: காற்றழுத்தம் குறைவு. ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிர்விப்புப் பொறியாளர் அமைப்பு தரவு மையங்களுக்குத் தந்த வழிகாட்டுதல், அதன் ஏ2 வகைச் சாதனங்களுக்கு, சுமார் 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதிக்கப்படும் அறை வெப்பநிலையில் ஒரு டிகிரியைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்தக் கணக்கில் ஊட்டிக்கு நான்கு முதல் ஐந்து டிகிரி கழியும். வீட்டுக் கணினியில், சமவெளியில் 40 டிகிரியாக இருக்கும் வேறுபாடு இங்கே 45 முதல் 48 வரை ஏறலாம் என்று வைத்துக்கொள்ளலாம். கூலரில் உள்ள வெப்பக் குழாய்களுக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை, அவை முற்றிலும் அடைக்கப்பட்டவை. தண்ணீர்க் குளிர்விப்புக்கு மாறினால் இதிலிருந்து தப்பலாம் என்பதும் சரியல்ல. அதன் ரேடியேட்டரும் கடைசியில் இதே மெல்லிய காற்றைத்தான் நம்பியிருக்கிறது.

எண்ணே நம்பும்படி இல்லை

சில சமயம் பழுது செயலியில் இராது, எண்ணில் இருக்கும். மதர்போர்டில் ஏதும் இணைக்கப்படாத உணரிக்கு (சென்சாருக்கு) 'ஆக்ஸ்டின்' என்பது போன்ற ஒரு பெயரில் 127 டிகிரி என்று காட்டுவது அடிக்கடி நிகழும். சுமை ஏறினாலும் இறங்கினாலும் அந்த எண் அசையாது, ஆகவே அதை விட்டுவிடலாம். ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசனில் 1700எக்ஸ், 1800எக்ஸ் போன்ற செயலிகள் விசிறிக் கட்டுப்பாட்டுக்காக உண்மை அளவுடன் 20 டிகிரியைக் கூட்டியே அறிவிக்கும். 2700எக்ஸில் இந்தக் கூட்டல் 10 டிகிரி. பழைய மென்பொருள் இந்தக் கூட்டலை நீக்காமலே காட்டும். இரண்டாம் கையாக இத்தகைய செயலியை வாங்கிப் பூட்டுவோர் இன்றும் உண்டு என்பதால் சொல்கிறேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. 14 டிகிரி அறையில் செயலி 9 டிகிரி என்று காட்டினால் அது பொய். காற்றால் குளிரும் எந்தப் பொருளும் அந்தக் காற்றைவிடக் குளிர்ந்துவிட முடியாது. இன்டெல் செயலியின் உணரி, உச்ச வரம்புக்கு இன்னும் எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதை அளக்கவே அமைக்கப்பட்டது. வரம்பின் அருகே துல்லியமாகவும், வெகு தாழ்ந்த அளவுகளில் தளர்வாகவும் இருக்கும். எனவே மார்கழி விடியலில் ஓய்வு நிலையில் எடுத்த எண்ணை எந்தக் கணக்குக்கும் அடிப்படையாகக் கொள்ள வேண்டாம்.

பயாஸ் (இயங்குதளம் ஏறுமுன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) திரையில் 50, விண்டோஸில் 35 என்று இருப்பதும் பழுதல்ல. பயாஸ் திரை திறந்திருக்கும்போது செயலி ஓய்வு நிலைக்குள் இறங்குவதில்லை, விழித்தபடியே காத்திருக்கும். இயங்குதளம் ஏறிய பிறகு எடுத்த எண்ணே கணக்குக்கு உரியது.

சும்மா இருக்கும்போதே 55க்குத் தாவித் தாவி இறங்குகிறது

ரைசன் 3000 வரிசைக்குப் பிறகு இந்தக் கேள்வி மிகுதியாக வருகிறது. உலாவியில் ஒரு பக்கம் திறந்தாலும் செயலியின் ஒரே ஒரு கரு (கோர்) சில மில்லி வினாடிகளுக்கு உச்ச வேகத்துக்கு எழும். மிகச் சிறிய சில்லின் ஒரு மூலையில் அந்த வெப்பம் குவிவதால், கூலர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது பரவுமுன் உணரி அதைப் பிடித்துவிடும். தாவலின் உச்சியைப் பார்க்காமல் ஐந்து நிமிடச் சராசரியைப் பாருங்கள். அது அறையைவிட 15 முதல் 25 டிகிரிக்குள் இருந்தால் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. விசிறி விட்டு விட்டு உறுமுவது எரிச்சலாக இருந்தால், பயாஸில் விசிறி வேகம் மாறுமுன் சில வினாடி காத்திருக்கும்படி அமைத்துவிடலாம்.

சராசரியே உயர்ந்திருந்தால் முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து செயலி உண்மையிலேயே சும்மா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வைரஸ் தடுப்பானும் பின்னணிப் புதுப்பித்தலும் ஒரு கருவை மணிக்கணக்கில் பிடித்து வைத்திருப்பதுண்டு. விண்டோஸின் மின்திட்டம் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' நிலையில் இருந்தால் அதையும் 'பேலன்ஸ்டு' நிலைக்கு மாற்ற வேண்டும்.

சுமை கொடுத்த சில வினாடிகளில் 90ஐத் தொடுகிறது, நிறுத்தியதும் உடனே விழுகிறது

பூட்டியவரின் கைப்பிழை பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வெளிப்படும், ஆகவே இங்கே நிதானமாக நிற்க வேண்டும். உலோகக் கூலருக்குச் சூடேறச் சில நிமிடங்கள் ஆகும். செயலி அதற்குமுன்பே உச்சத்தைத் தொட்டுவிட்டது என்றால், வெப்பம் கூலரைச் சென்று சேரவே இல்லை என்று பொருள். சுமையைக் கொடுத்து இரண்டு நிமிடம் கழித்து, கூலரின் அடிப்பகுதியையோ வெப்பக் குழாயின் வளைவையோ, விசிறியில் படாமல், விரலால் தொட்டுப் பாருங்கள். திரையில் 95 காட்டும்போது குழாய் வெதுவெதுப்பாகவே இருந்தால் இடையே உள்ள இணைப்பில் பழுது. குழாய் விரல் வைக்க முடியாதபடி சுட்டால் இணைப்பு நன்றாக இருக்கிறது. அடுத்த அறிகுறிக்குப் போகலாம். ஒன்றை மட்டும் நினைவில் கொள்க: 12400 போன்ற இன்டெல் செயலிகள் முதல் 28 வினாடிகள் வரை 117 வாட் உண்டு, பிறகு 65 வாட்டுக்கு இறங்கும்படி வகுக்கப்பட்டவை. அந்த முதல் ஏற்றமும் அரை நிமிடத்தில் வரும் இறக்கமும் இயல்பானவை.

இணைப்புப் பழுதில் முதல் சந்தேகம் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற பாதுகாப்புத் தாள். அதை உரிக்காமல் பூட்டுவது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு, முதல் கணினியைப் பூட்டும் ஆவலில், எவருக்கும் நேரக்கூடியதே.

இரண்டாவது, இன்டெல் கூலரின் நான்கு அழுத்துக் கால்கள். ஒவ்வொரு காலிலும் பிளந்த வெண்ணிறக் குழல் ஒன்றும், அதன் நடுவே இறங்கி அதை விரிக்கும் கறுப்பு ஊசி ஒன்றும் உண்டு. குழல் துளையைக் கடந்த பிறகே ஊசி இறங்க வேண்டும். குழல் பாதி வழியில் நிற்கும்போதே ஊசி இறங்கிவிட்டால், மேலிருந்து பார்க்கையில் நான்கும் சமமாகவே தோன்றும், 'டக்' என்ற ஒலியும் கேட்கும், ஆனால் பிடிப்பு இராது. எனக்கு நேர்ந்தது இதுவே. தலையில் உள்ள அம்புக்குறியின் திசையில் திருப்பினால் கால் விடுபடும்; பூட்டுமுன் நான்கையும் அதற்கு எதிர்த் திசையில் திருப்பி வைத்துக்கொண்டு, மூலைக்கு எதிர்மூலையாக, இரண்டிரண்டாக அழுத்த வேண்டும். மதர்போர்டைக் கேபினெட்டுக்குள் வைத்த பிறகு இந்த வேலையைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. வெளியே வைத்துப் பூட்டினால், பின்புறத்தைத் திருப்பி நான்கு துளைகளிலும் வெண்குழலும் கறுப்பு ஊசியும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

மூன்றாவது, செயலிக்கும் கூலருக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட். சமவெளியில் உள்ளவர்களுக்குச் சொல்லப்படாத ஒன்று இங்கே உண்டு. 10, 12 டிகிரி அறையில் பேஸ்ட் இறுகி, ஊசிக்குழலிலிருந்து வெளிவரவே அடம்பிடிக்கும். வந்தாலும் கூலரின் அழுத்தத்தில் சீராகப் பரவாது. பூட்டுமுன் பத்து நிமிடம் குழலைச் சட்டைப் பையில் வைத்திருந்தால் போதும். சதுரச் செயலிக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு. 12ஆம் தலைமுறை முதல் வரும் நீள்சதுர இன்டெல் செயலிகளுக்கு நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு. அதிகமாக வைத்ததால் சூடேறியது என்ற புகார் பெரும்பாலும் மிகைப்படுத்தல்தான். மிஞ்சியது ஓரமாகப் பிதுங்கி வரும், அவ்வளவே. குறைவாக வைத்ததே கெடுக்கும். பூட்டிய பின் இரண்டு மூன்று முறை சுமை ஏற்றி இறக்கினால் பேஸ்ட் பரவி அளவு சில டிகிரி குறையும். அதற்குப் பிறகு வந்த எண்ணையே குறித்துக்கொள்ள வேண்டும்.

பழைய பேஸ்டைச் சோதிக்கக் கூலரைக் கழற்றுவதிலும் குளிருக்கு ஒரு பங்கு உண்டு. ஏஎம்4 வகை ரைசன் செயலியின் அடியில் 1,331 ஊசிகள் உள்ளன, அவை இறங்கும் மதர்போர்டுச் சாக்கெட்டின் பிடிப்பு லேசானது. இறுகிய பேஸ்டுடன் கூலரை நேராகத் தூக்கினால் செயலியும் அதனுடன் பிடுங்கிக்கொண்டு வரும். ஊசிகள் வளைந்தால் ஒரு மாலைப்பொழுது முழுதும் குண்டூசியும் உருப்பெருக்கியுமாக உட்கார வேண்டியதுதான். கணினியைக் கால் மணி நேரம் சுமையில் ஓட்டி, அணைத்து, மின்கம்பியை உருவி, சூடு ஆறுமுன் கூலரை வலமும் இடமுமாகச் சிறிது முறுக்கித் தளர்த்திய பிறகே தூக்க வேண்டும். ஏஎம்5 வகையில் செயலி உலோகச் சட்டத்துக்குள் பூட்டப்படுவதால் இந்த அபாயம் இல்லை.

நான்காவது, மலைப்பாதை. மைசூரிலிருந்து மசினகுடி, கல்லட்டி வழியாக ஊட்டிக்கு வந்தால் 36 கொண்டை ஊசி வளைவுகள். முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கும் கோபுரக் கூலரைச் செயலியின் மேல் விட்டபடியே, கேபினெட்டை நிமிர்த்தி வைத்து அந்த வளைவுகளில் கொண்டுவந்தால், திருகுகள் தளர்வதும் பேஸ்டில் இடைவெளி விழுவதும் வியப்பல்ல. கீழே நன்றாக ஓடிய கணினி மேலே வந்ததும் சுடுகிறது என்றால், உயரத்தைக் குறை சொல்லுமுன் கூலரின் திருகுகளைச் சோதியுங்கள். கொண்டுவரும்போது கேபினெட்டை மதர்போர்டு அடியிலும் கூலர் அதன் மேலும் இருக்கும்படி படுக்க வைப்பதும், பெரிய கூலரைக் கழற்றித் தனியே எடுத்து வருவதும் நல்லது.

தண்ணீர்க் குளிர்விப்பு உள்ளவர்களுக்கு இதே அறிகுறி பம்பு நின்றுவிட்டதைக் குறிக்கும். இரண்டு குழாய்களில் ஒன்று சுட்டு மற்றொன்று சில்லென்றிருக்கும், ரேடியேட்டரும் சூடேறியிராது. பம்பின் சுழற்சி எண்ணை மென்பொருளில் பார்க்க வேண்டும். எண் சரியாக இருந்தும் களகளவென ஒலி கேட்டால், ரேடியேட்டர் தாழ்ந்தும் பம்பு உயர்ந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் காற்றுக் குமிழி பம்பிலேயே தங்கிவிடும்.

பத்து, இருபது நிமிடங்களில் மெல்ல மெல்ல ஏறுகிறது

இங்கே வெப்பம் கூலரைச் சேர்கிறது, ஆனால் கேபினெட்டை விட்டு வெளியேற வழி இல்லை. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் குறைந்தால் காற்றோட்டப் பழுது உறுதி. முன்விசிறி உள்ளிழுத்துப் பின்விசிறி வெளித்தள்ளுகிறதா என்பதை ஒரு மெல்லிய தாள் துண்டைப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விசிறியைத் திருப்பி மாட்டுவது இன்னும் நடக்கிறது.

சமவெளியில் எதிரி தெருப்புழுதி. இங்கே கம்பளி. போர்வை, ஸ்வெட்டர், மப்ளர் ஆகியவற்றின் பிசிறுகள் விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே ஒரு மெத்தையாகப் படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் விசிறி சுத்தமாகவே தெரியும். விசிறியைக் கழற்றினால்தான் அந்த மெத்தை கண்ணில் படும், பெரும்பாலும் அதை ஒரே துண்டாக உரித்தெடுக்கலாம். கணப்பு மூட்டும் வீடுகளில் கரிப்புகை எண்ணெய்ப் பசையுடன் படிவதால் காற்றால் ஊதிப் போகாது. உலர்ந்த தூரிகை வேண்டும். ஊதும்போது விசிறி இறகை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். பனிமூட்டமும் மழையுமான நாளில் வாயால் ஊதவே வேண்டாம்.

கேபினெட் இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். துணியிலும் கேமரா லென்சிலும் பூஞ்சை ஏறாதிருக்க அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், அதே நல்லெண்ணத்தோடு, கணினியையும் அத்தகைய அலமாரிக்குள் வைத்துக் கதவையும் சாத்தியிருந்தார். "ஊட்டியிலே என்னங்க சூடு?" என்று அவர் கேட்டபோது, அலமாரிக்குள் நான் வைத்த வெப்பமானி 34 காட்டியது. அதேபோல், ஜன்னல்களைச் சாத்தி ரூம் ஹீட்டரை ஓடவிட்ட சிறிய அறையில் 14 டிகிரி ஒரு மணி நேரத்தில் 24 ஆகிவிடும். செயலியின் அளவு பத்து டிகிரி ஏறியதைப் பழுது என்று எண்ணிவிடுவோம். கழித்துப் பார்த்தால் வேறுபாடு மாறியே இராது. அறையின் அளவை ஒவ்வொரு சோதனையிலும் புதிதாக எடுக்கச் சொல்வது இதற்காகவே.

காலையில் மட்டும் சுடுகிறது

கேட்பதற்கு முரணாகத் தோன்றும் இந்த அறிகுறியை நான் இதுவரை இரண்டு வீடுகளில் கண்டிருக்கிறேன். ஒன்றில், விசிறிகள் செயலியின் உணரியைப் பின்பற்றாமல் மதர்போர்டின் உணரியைப் பின்பற்றும்படி பயாஸில் அமைக்கப்பட்டிருந்தன. குளிர்ந்த அறையில் மதர்போர்டு 20 டிகிரியைத் தாண்டுவதற்கே நெடுநேரம் ஆனதால், செயலி 85இல் தவிக்கும்போதும் விசிறிகள் உறங்கிக்கொண்டிருந்தன. விசிறி அமைப்புப் பக்கத்தில் ஆதாரம் எது என்பதைச் செயலிக்கு மாற்றியதும் தீர்ந்தது. மற்றொன்றில், பழைய விசிறியின் உராய்வெண்ணெய் குளிரில் கெட்டிப்பட்டு, குறைந்த மின்னழுத்தத்தில் அது சுழலத் தொடங்கவே இல்லை. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் ஓடியது. குறைந்தபட்ச வேகத்தை உயர்த்தினால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம் என்றாலும், விசிறியை மாற்றுவதே முறை. மூன்று ஊசி விசிறியா நான்கு ஊசி விசிறியா என்பதற்கேற்ப அந்த இணைப்பியின் கட்டுப்பாட்டு முறை அமைந்திருக்கிறதா என்பதையும் அதே பக்கத்தில் பார்த்துவிடலாம்.

விகிதம் சரி, வாட்தான் அதிகம்

கழித்து வகுத்த எண் முன்போலவே 0.6 என்று இருக்கிறது, ஆனால் செயலி சூடாக இருக்கிறது என்றால் கூலரைத் தொட வேண்டாம். செயலி கூடுதலாக உண்கிறது. ரைசன் 5 3600இன் பெட்டியில் 65 வாட் என்று அச்சிட்டிருந்தாலும் அதன் உண்மையான வரம்பு 88 வாட். இன்டெல் கோர் ஐ7-13700கே 253 வாட் வரை போக அனுமதிக்கப்பட்டது. சில மதர்போர்டுகள் அதையும் நீக்கி, பயாஸில் 4095 வாட் என்று எழுதி வைத்திருக்கும். அது வரம்பே இல்லை என்பதன் மறுபெயர். பயாஸில் அதைச் செயலியின் அறிவிக்கப்பட்ட அளவுக்கு இறக்கினால் வேகத்தில் சிறிதே இழந்து வெப்பத்தில் நிறையக் குறைக்கலாம். ரைசனில் இதற்கு ஈகோ மோட் உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில், அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலையின்மை ஏற்பட்டதை அடுத்து, 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற நுண்குறியீட்டை (பயாஸ் புதுப்பிப்போடு வரும் செயலித் திருத்தத்தை) இன்டெல் வெளியிட்டது. அந்தச் செயலி வைத்திருப்பவர்கள் வேறு எதையும் செய்யுமுன் பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும்.

ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் வகைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கடும் சுமையில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கும்படிதான் அவை வடிவமைக்கப்பட்டுள்ளன. ஊட்டியின் உறைபனியிலும் 95, மதுரையின் கத்திரி வெயிலிலும் 95 என்று காட்டக்கூடும். அங்கே வெப்பநிலை எதையும் சொல்லாது. 95இல் நிற்கும்போது எத்தனை வாட் உண்ண முடிகிறது என்பதே கூலரின் தகுதியைச் சொல்லும்.

வெப்பநிலை 70ஐக்கூடத் தாண்டாமல் கணினி திடீரென அணைந்தால், அது செயலியின் வெப்பத்தால் அல்ல. பவர் சப்ளையையும் வீட்டு மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

கீழே அனுப்புமுன்

மலையில் பூட்டிய கணினி சமவெளிக்குப் போவதாக இருந்தால், இங்கே எடுத்த வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கை மட்டும் கழித்து, போகும் ஊரின் கோடை அறை வெப்பநிலையைக் கூட்டிப் பாருங்கள். காற்றின் அடர்த்தி கூடுவதால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே குறையலாம்; ஆனால் அங்குள்ள புழுதி அந்த ஆதாயத்தை ஓர் ஆண்டில் தின்றுவிடும். விடை செயலியின் வரம்புக்குப் பத்து டிகிரி கீழே நிற்காவிட்டால், பெரிய கூலர் வாங்க வேண்டும் அல்லது வாட் வரம்பைக் குறைக்க வேண்டும். அக்கா மகளின் கணினியில், கால்களைச் சரியாகப் பூட்டிய பின் வேறுபாடு 44. பத்தில் ஒரு பங்கு போக ஏறத்தாழ 40. திருச்சி அறை 40 என்றால் 80. அந்த வைகாசியில் அவள் அனுப்பிய திரைப்பிடிப்பில் 81 என்று இருந்தது. அறை எவ்வளவு என்று கேட்டேன். "தெர்மாமீட்டரை நீங்க குன்னூருக்கே எடுத்துட்டுப் போயிட்டீங்களே மாமா" என்றாள்.